கிழக்கு இடப்பக்கம்

ஹீலியம் அக்கா என்றால் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். சொந்தப் பெயர் கேட்டால் முழிப்பார்கள். அடையாள அட்டை போடுகிற பெண் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பெயரைப் படித்துவிட்டு, "அட, இது நீங்கதானா அக்கா!" என்று சிரிப்பாள். வருஷா வருஷம் அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய ஆள் என்பதிலேயே அக்காவின் உத்தியோக லட்சணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். தற்காலிகம். கல்யாணம் ஆனபோது தற்காலிகம், மகள் பிறந்தபோது தற்காலிகம், அந்த மகள் படித்து வேறு ஊரில் நிரந்தர வேலையில் உட்கார்ந்தபோதும் அம்மா தற்காலிகம். இப்படி ஒரு நிரந்தரமான தற்காலிகத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

அவள் வேலை நட்சத்திரம். உடனே மொட்டைமாடியில் குழாய்க்குள் கண்ணை விட்டுக்கொண்டு நிற்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தே பல மாதம் ஆகியிருக்கும். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையைப் பார்த்த ஜன்னல், காலை ஆட்டினால் கூடவே ஆடுகிற மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூடி தொலைந்துபோன தேநீர்க் குடுவை. எங்கேயோ யாரோ பிடித்து அனுப்புகிற நட்சத்திர ஒளியை அவள் பட்டை பட்டையாகப் பிரித்து, எந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது என்று பார்ப்பாள். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு இடத்தில் கோடு. இந்த இடத்தில் கோடு என்றால் கார்பன், அந்த இடத்தில் என்றால் ஆக்சிஜன். கோட்டை வைத்துக்கொண்டு நட்சத்திரத்தின் மேனியில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, செம்பைக் காட்டினால் தீ பச்சையாகிறது, உப்பைத் தூவினால் மஞ்சளாகிறது என்று ஏழு வயசிலேயே கத்திக்கொண்டு திரிந்தவள்தான். புத்தி அன்றைக்கே அந்தப் பக்கம் போய்விட்டது, திரும்பவே இல்லை.

அதிலும் அவளுக்குப் பிடித்தது கிழட்டு நட்சத்திரங்கள். நம் சூரியன் மாதிரிச் சின்ன நட்சத்திரம் வயசான காலத்தில் ஊதிப் பெருத்து, மேல்தோலை எல்லாம் வெளியில் உதறிவிட்டு, உள்ளே இருந்த மையம் மட்டும் அம்மணமாக மிஞ்சி நிற்கும். சூரியனைவிட இருபது மடங்கு சூடு. அப்புறம் மெல்ல ஆறி அடங்க வேண்டியதுதான். ஆனால் சிலது அடங்காது. அணைந்துவிட்டது என்று நாம் நினைத்த அடுப்பு குப்பென்று மறுபடி பற்றிக்கொள்ளுமே, அது மாதிரி உள்ளே இருக்கிற ஹீலியம் கடைசி நேரத்தில் பற்றிக்கொள்ளும். அந்தத் தீ ரொம்பப் பிந்திப் பிடித்தால், மேலே ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச ஹைட்ரஜனும் உள்ளே இழுபட்டு எரிந்துபோய், அதற்கு அடையாளமாக நைட்ரஜன் மிஞ்சும். கொஞ்சம் முந்திப் பிடித்திருந்தால் ஹைட்ரஜன் எரியாமல் கரைந்துபோகும், நைட்ரஜன் இருக்காது. ஆக, நட்சத்திரத்துக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் நைட்ரஜனைத்தான் கேட்க வேண்டும்.

அக்காவுக்கென்று அப்படி ஒரு நட்சத்திரம் இருந்தது. அட்டவணையில் அதன் பெயர் ஒரு முழ நீளத்துக்கு வெறும் எண். ஹைட்ரஜனை முழுக்க இழந்த நட்சத்திரம் என்பதால் வீட்டில் அதற்கு 'மொட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகள் போன் பண்ணினால், "அப்பா எப்படி இருக்காரு? மொட்டை எப்படி இருக்கான்?" என்று கேட்பாள். மாமியார் தன் மகனிடம், "டேய், உன் பொண்டாட்டி உன்னை நினைக்கிறதைவிட அந்த மொட்டையைத்தான்டா அதிகமா நினைக்கிறா" என்பாள். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரிட்ஜைப் பழுதுபார்க்க வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு போனவர். "விடும்மா. அது சூடு, நான் குளிர். ரெண்டு பேரும் போட்டிக்கே வரமாட்டோம்" என்பார். நல்ல மனுஷன், கோபமே வராது. அக்காவுக்குச் சில சமயம் அதனாலேயே கோபம் வரும்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் மொட்டையின் ஒளியில் தலைமுடி அளவுக்கு மெல்லிசாக ஒரு கோட்டைப் பார்த்து, "இது நைட்ரஜன், இந்த நட்சத்திரம் ரொம்பப் பிந்திப் பற்றிக்கொண்டது" என்று அக்கா கட்டுரை எழுதினாள். பெரிய கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், எதைச் சொன்னாலும் முதலில் "இல்லை" என்று சொல்கிற ஆள், எல்லாரும் அவரை 'இல்லை ஐயா' என்பார்கள், அவர் பதில் எழுதினார். அது கோடே இல்லை, வெறும் இரைச்சல், அம்மையார் ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறார் என்று. ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறார்! அந்த ஒரு வரி அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து, "உங்க நைட்ரஜன் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு இளிப்பார்கள். அவளும் இளிப்பாள்.

தீர்த்துவைக்க ஒரே வழிதான் இருந்தது. நைட்ரஜனின் தடித்த கோடுகள் எல்லாம் புறஊதா ஒளியில் இருக்கின்றன. புறஊதா பூமிக்கு வராது, காற்று தடுத்துவிடும். காற்றுக்கு மேலே சுற்றுகிற தொலைநோக்கியில்தான் அதைப் பார்க்கும் கண் உண்டு. உலகத்துக்கே அந்தக் கண் ஒன்றுதான், அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷத்துப் பார்வைச் சுற்றோடு அதை மூடிவிடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டால், வரும், வரும் என்றார்கள். அக்கா ஓய்வு பெற்று, பல் விழுந்து, அதற்கப்புறம் வந்தால் வரும்.

நேரம் கேட்டு அக்கா விண்ணப்பம் போடாத வருஷம் இல்லை. தள்ளாத வருஷமும் இல்லை. இந்தக் கடைசிச் சுற்றில், யார் செய்த புண்ணியமோ, கொடுத்துவிட்டார்கள். மொட்டையை ஒரே ஒரு தடவை பார்க்கலாம். அன்றைக்கு அக்கா மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டு, "இது வந்துட்டா உங்க பேரை நிரந்தரத்துக்கு நான் எழுதுறேன். வரலைன்னா இந்த வருஷத்தோட சரி, அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் நேரான வார்த்தை அதுதான்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், எல்லாக் கேடும் இங்கேதான் கிடக்கிறது. மொட்டை நின்ற இடத்தில் நிற்கிற நட்சத்திரம் இல்லை, நடக்கிற நட்சத்திரம். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று தொலைநோக்கிக்கு நாம் எழுதிக் கொடுத்தால்தான் அது சரியான இடத்தில் போய்ப் பார்க்கும். அட்டவணையில் அந்தக் கட்டம் காலி. காரணம், மொட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சிவப்பு நட்சத்திரம் உண்டு, அதன் வெளிச்சத்தில் அளவு குழம்பிவிட்டது. சரி, நாமே அளப்போம் என்று அக்கா பல வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களை எடுத்து, ஒன்றோடு ஒன்று பொருத்தி அளந்தாள். மொட்டை இடப்பக்கமாக நகர்ந்திருந்தது.

புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அக்கா சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது: "தரைப் படத்துல கிழக்கு வலப்பக்கம். வானப் படத்துல கிழக்கு இடப்பக்கம். ஏன்னா வானத்தை மல்லாந்து படுத்துல்ல பாக்குறோம்?" அப்படியானால் இடப்பக்கம் என்றால் கிழக்கு, எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? இல்லை, அக்கா சாதாரணப்பட்டவளா! அந்தப் பழைய தகடுகளை வைத்திருக்கிற கூடத்தில் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுப் படம் எடுத்துவிடுவார்கள், எல்லாமே இடவலமாக மாறி வரும் என்பது அவளுக்குத் தெரியும். முன்னொரு தடவை அதில் ஏமாந்தவள். ஆகவே ஜாக்கிரதையாகக் கிழக்கை மேற்காக மாற்றி எழுதினாள். மாற்றிவிட்டு, நல்லவேளை ஞாபகம் வந்தது என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். அந்தக் கூடத்தார் தங்கள் படங்களை எல்லாம் எப்போதோ நேராக்கிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. நேராக இருந்ததை நேராக்கப்போய்க் கோணலாக்கினாள். முதல் கோணல் முற்றும் கோணல்.

தொலைநோக்கி சொன்ன நாளில், சொன்ன இடத்தைப் பார்த்தது. காலையில் கோப்பு வந்து சேர்ந்தது. அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டுத் திறந்தாள். நைட்ரஜனும் இல்லை, கார்பனும் இல்லை, ஒளியே இல்லை. வரைபடத்தில் தரையோடு தரையாக ஒரு கோடு சாகக் கிடந்தது. அவ்வளவு சூடான நட்சத்திரம் புறஊதாவில் கொழுந்துவிட்டு எரிய வேண்டும். கொழுந்தும் இல்லை, புகையும் இல்லை. அட்டவணையை எடுத்தாள், படங்களை எடுத்தாள், தொலைநோக்கி கடைசியாகக் குறிவைத்த இடத்தை எடுத்தாள். படத்தில் பக்கத்துச் சிவப்பு நட்சத்திரம் மொட்டைக்கு வலப்பக்கம் இருந்தது; படம் மாறி வந்தது என்று நம்பியதால் அது கிழக்கே இருப்பதாகத்தான் இத்தனை நாளும் அவள் மனசில் பதிந்திருந்தது. அட்டவணை மேற்கே என்றது. மறுபடி பார்த்தாள். மேற்கேதான். அப்படியென்றால் படம் மாறி வரவில்லை. அப்படியென்றால் மொட்டை கிழக்கே போயிருக்கிறான், இவள் தொலைநோக்கியை மேற்கே அனுப்பியிருக்கிறாள். அது நல்ல பிள்ளையாகப் போய், அங்கே பளிச்சென்று இருந்த சிவப்பு நட்சத்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த நேரம் முழுவதும் அதையே பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

ஐயோ! ஊருக்கெல்லாம் கிழக்கு இடப்பக்கம், கிழக்கு இடப்பக்கம் என்று ஓதியவள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. கதவைத் தட்டி யாரோ, "அக்கா, வந்துடுச்சா?" என்றார்கள். "இன்னும் முழுசா வரலை" என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

அன்று பிற்பகல் தொலைநோக்கி நிலையத்திலிருந்து போன். அங்கே யாருக்கு எப்போது நேரம் என்று வரிசை போடுகிற பெண். விண்ணப்பம் தேறிய நாளிலிருந்து அக்காவோடு பேசிப் பேசி ஒட்டிக்கொண்டவள். நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதுவரை அக்காவுக்குத் தெரியும்.

"அக்கா, பாத்தேன். ஒண்ணுமே விழலையே. எனக்கே மனசு கேக்கலை."

"ஆமாம்மா."

"ஒரு விஷயம் சொல்றேன். அன்னைக்குத் தொலைநோக்கியை ஆடாம பிடிச்சுக்குற கைரோ ஒண்ணு லேசாத் தள்ளாடியிருக்கு. பெரிசா ஒண்ணும் இல்லை, ஆனா பதிவாயிருக்கு. கருவிக் கோளாறுன்னு நீங்க எழுதிக் குடுத்தா, மூடுறதுக்குள்ள இன்னொரு தடவை பார்க்கலாம். உங்க பக்கத்துத் தப்பு இல்லைன்னு மட்டும் நீங்க உறுதியாச் சொல்லணும்."

"எங்க பக்கத்துத் தப்பா இருந்தா?"

"அப்படின்னா விதிப்படி கிடையாதுக்கா. வரிசையில எத்தனை பேர் நிக்குறாங்க. ஆனா உங்க பக்கத்துல என்ன தப்பு இருக்கப்போகுது? உங்க விவரத்தைப் பாத்து நானே எத்தனை பேருக்குக் காட்டியிருக்கேன், இப்படி எழுதணும்னு!"

அக்கா அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இல்லை ஐயாவின் முகம் நினைவுக்கு வந்தது. கிழக்குக்கும் மேற்குக்கும் வித்தியாசம் தெரியாத அம்மையார் நைட்ரஜனைக் கண்டுபிடித்தாராம் என்று அவர் சொல்லப்போவது காதிலேயே கேட்டது. இயக்குநர் நினைவுக்கு வந்தார். "எழுதி அனுப்புறேம்மா" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. மாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. மொட்டை ஏதாவது சொன்னானா?" என்றாள். வழக்கமாகச் சிரிக்கிற அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் அன்றைக்குப் பார்த்த வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பல்லவிதான். 'நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுபோச்சு.' உள்ளே பாத்தா, ஐஸ் எடுக்குறேன்னு கத்தியால குத்திக் குழாயை ஓட்டையாக்கி வச்சிருப்பாங்க. கத்தித் தடம் கண்ணு முன்னாலே இருக்கும். அப்பவும் தானா நின்னுபோச்சு!"

"அதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" அக்கா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "பயத்துலதான் சொல்றாங்க. பயந்தவங்களைப் பாத்துச் சிரிக்காதீங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்தார். அம்மா, பேசாமல் சாப்பிடு என்று கண்ணைக் காட்டினாள்.

மறுநாளே அக்கா எழுதி அனுப்பினாள். கைரோ தள்ளாடியதால் நட்சத்திரம் நழுவிப்போயிருக்கலாம், எங்கள் விவரத்தில் பிழை ஏதும் இல்லை. இரண்டே வரி. அந்த இரண்டு வரியை எழுத அவளுக்கு ஒரு முற்பகல் ஆனது. அவள் கணக்கு என்னவென்றால், அனுமதி கிடைத்ததும் நைசாக மேற்கைக் கிழக்காக மாற்றிவிடலாம். மேற்கு என்பதற்கு எண்ணுக்கு முன்னால் ஒரே ஒரு கழித்தல் குறி. அதைத் தட்டிவிட்டால் போதும், யார் பார்க்கப்போகிறார்கள்? அதற்கப்புறம் நைட்ரஜன் வந்துவிட்டால் எல்லாப் பாவமும் கழுவிப்போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அனுமதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கருவிக் கோளாறு என்று மறுபடி கொடுக்கிற பார்வையை முன்பு கொடுத்த அதே விவரத்தோடுதான் நடத்துவார்களாம், ஒரு எழுத்தும் மாறக் கூடாதாம். விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எல்லாக் கட்டமும் சாம்பல் நிறமாகப் பூட்டிக் கிடந்தது. கழித்தல் குறி உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம், அந்தக் கதை.

ஜாடையாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று போனை எடுத்தாள்.

"ஏம்மா, இந்த மறு பார்வையில... ஏதாவது சின்னதா ஒரு திருத்தம், ஒரு இது... செய்ய முடியுமா?"

"விதிப்படி கூடாதுக்கா. கருவித் தப்புன்னு சொன்னா விவரத்தைத் தொடக் கூடாது. தொட்டா, அப்போ முதல்லயே விவரம்தான் தப்பான்னு கேப்பாங்க." அப்புறம் அவளே கேட்டாள். "ஏன்க்கா? ஏதாவது மாத்தணுமா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லு, சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால், பிழை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்த இரண்டு வரி? தெரிந்தே எழுதினாயா என்று கேட்டால்? தப்பு செய்தவள் என்பது போய்ப் பொய் சொன்னவள் என்றாகிவிடும். தற்காலிக ஆளுக்கு இரண்டும் சேர்ந்தால் வாசல் கதவுதான்.

"இல்லம்மா. ஒண்ணும் மாத்த வேண்டாம். சும்மாதான் கேட்டேன்."

"சரிக்கா. நல்லபடியா வரும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அக்கா பட்ட பாட்டை நாய்கூடப் படாது. நடக்கப்போவது என்ன என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். "இன்னொரு சான்ஸ் கிடைச்சுடுச்சாமே அக்கா! யோகக்காரி!" என்று வராந்தாவில் நிறுத்தி நிறுத்திக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் இல்லாத சாமியை எல்லாம் கும்பிட்டாள். கைரோ மறுபடி தள்ளாடட்டும், இந்தத் தடவை நிஜமாகவே தள்ளாடட்டும், தள்ளாடிக் கிழக்குப் பக்கமாகச் சாயட்டும் என்று வேண்டிக்கொண்டாள். படித்தவள், கணக்குத் தெரிந்தவள், அந்த அளவுக்குத் தள்ளாடினால் கருவி தானே நின்றுவிடும் என்று நன்றாகத் தெரிந்தவள். தெரிந்தும் வேண்டிக்கொண்டாள். தன் அளவுதான் தப்போ, முதலில் எழுதியதுதான் சரியோ என்று படங்களை மறுபடி மறுபடி பொருத்திப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மொட்டை கிழக்கே போனான். போடா, போ, எங்கேயாவது போய்த் தொலை என்று ஒரு நாள் திரையைப் பார்த்துத் திட்டியேவிட்டாள். திட்டிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாள்.

இரண்டு தடவை போனை எடுத்துவிட்டு வைத்தாள். மூன்றாவது தடவை மணி அடிக்கவே அடித்தது. வேறு யாரோ எடுத்து, அந்தப் பொண்ணு லீவு, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கு என்றார்கள். திரும்பி வந்ததும் அவளே கூப்பிட்டாள். "தேடினீங்களாமே அக்கா, என்ன விஷயம்?" என்று கேட்டாள். அக்கா, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள். முழங்கால் வலியைப் பற்றியே பேசிவிட்டு வைத்தார்கள்.

வீட்டில் பேச்சே நின்றுபோனது. வீட்டுக்காரர் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னம்மா ஆச்சு உனக்கு? என்னைத் திட்டவாவது செய். இந்த அமைதி எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவரிடமாவது கொட்டியிருக்கலாம். "ஒண்ணுமில்லை, வேலை" என்றாள். மாமியாரும் மொட்டை பேச்சை எடுப்பதை விட்டுவிட்டாள். அது அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறு பார்வை நாள் வந்தது. தொலைநோக்கி இந்தத் தடவை கொஞ்சமும் தள்ளாடவில்லை. ஆணி அடித்த மாதிரி நின்று, ஒரு இம்மியும் பிசகாமல், அக்கா எழுதிக் கொடுத்த இடத்தையே பார்த்தது. கோப்பு வந்தபோது அவள் முகம் கழுவப் போகவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. திறந்தாள். தரையோடு தரையாக அதே கோடு. பார்த்துவிட்டு மூடினாள். அழுகையும் இல்லை, படபடப்பும் இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

மறுநாள் முற்பகல் போன் அடித்தது.

"அக்கா." அந்தப் பெண்ணின் குரல் இறங்கியிருந்தது. "மறுபடியும் அதே சிவப்பு நட்சத்திரம்தான். கைரோ சுத்தமா இருக்கு, எல்லாம் சுத்தமா இருக்கு. நான் இப்பத்தான் உங்க பழைய படத்தை எடுத்து வச்சுப் பாத்தேன். அந்த நகர்வு..."

"ஆமாம்மா. கிழக்குக்கு மேற்குன்னு போட்டுட்டேன்."

"எப்போ தெரிஞ்சுதுக்கா?"

பொய்யே சொல்லியிருக்கலாம், இப்போதுதான் தெரிந்தது என்று. ஆனால் அவளிடம் பொய்க்கான தெம்பும் மிச்சமில்லை.

"முதல் தடவையே."

"முதல் தடவையேவா?" அவள் குரல் உடைந்தது. "அப்போ அன்னைக்குப் போன்ல திருத்தம் பண்ணலாமான்னு கேட்டீங்களே, அது இதுக்குத்தானா? என்னக்கா நீங்க! நான் திருப்பிக் கேட்டேனே, மாத்தணுமான்னு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? விதிப்படி கூடாதுன்னுதானே சொன்னேன், நான் மாத்தமாட்டேன்னா சொன்னேன்? உங்களுக்காக யார் கால்ல வேணும்னாலும் விழுந்து மாத்தியிருப்பேனே!"

அக்காவுக்கு அதைக் கேட்டதும் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. வெட்கம், மானம், இல்லை ஐயா, இயக்குநர், நிரந்தரம் எதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. அந்த நட்சத்திரத்தில் நைட்ரஜன் இருக்கிறதா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தாயே, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். என் தப்புதான், எங்கே வேணும்னாலும் எழுதித் தர்றேன், எல்லார் முன்னாலயும் சொல்றேன். இப்போ மாத்தலாமா? ஒரே ஒரு தடவை?"

"அந்தக் கண்ணை இன்னைக்குக் காலையில மூடிட்டாங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "கடைசியாப் பாத்தது உங்களுக்காகத்தான்."